கப்பலில் ஏறினால் போதுமா?

மயிலையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதன்று. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று; மாலை மணி அடித்தால் சாந்தோம் கடற்கரை; விடுமுறை நாளென்றால் மணலும் சுண்டலும். இப்படிக் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நாங்கள், அதன் மீது போகும் கப்பலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அதுவும் வகுப்பில் நடந்த ஒரு சிறு பேச்சினால்தான் எங்களுக்கே தெரியவந்தது.

தியாகராய நகரிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி உல்லாசக் கப்பலில் போய்வந்தவள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரெஸ்' கப்பல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அந்தப் பருவத்தில் அவள் குடும்பமும் அதில் சென்றுவந்தது. படங்களை அவள் காட்டக் காட்ட நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். மாடிப்படி, நீச்சல் குளம், நாடக அரங்கு, மேசை கொள்ளாத பலகாரம்! அப்போது நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் இன்னொரு தோழி, படங்களை ஒருமுறை புரட்டிவிட்டு, "இதைக் கட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

"கம்பெனிதான்" என்றோம்.

"கம்பெனி ஓட்டுது. கட்டுனது யாரு?"

ஒருவருக்கும் விடை தெரியவில்லை. சென்றுவந்தவளுக்கும் தெரியவில்லை. மீனவர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டுகிறோம். அவள் வீட்டில் படகு என்பது யாரோ ஓர் ஆள் கட்டியது. அந்த ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. சரியாகக் கட்டாவிட்டால் அவரிடம் போய்ச் சண்டை போடலாம். நமக்கோ கப்பல், பேருந்து, மின்விசிறி எல்லாம் தாமாகவே முளைத்தவை!

தேடிப் பார்த்தோம். அந்தக் கப்பல் 1990-இல் பிரான்சு நாட்டின் சேன் நசேர் என்ற துறைமுக நகரில் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் 'நார்டிக் எம்ப்ரெஸ்'. அதன் மொத்தக் கொள்ளளவு 48,563 டன். புகழ்பெற்ற டைட்டானிக் 46,328 டன். அதாவது, நம் ஊர்த் துறைமுகத்தில் வந்து நின்ற, இன்றைய கணக்கில் நடுத்தரமான இந்தக் கப்பல், நீளத்தில் குறைந்தாலும் கொள்ளளவில் டைட்டானிக்கையும் சற்று மிஞ்சியது. (இந்த 'டன்' எடையன்று, கப்பலுக்குள் அடங்கும் இடத்தின் அளவு. ஒரு கப்பலில் எத்தனை திராட்சைமதுப் பீப்பாய்கள் ஏற்றலாம் என்று அந்நாளில் எண்ணிய வழக்கத்திலிருந்து வந்த கணக்கு. எங்களில் பாதிப் பேர் இதை எடை என்றே நினைத்து வாதாடிக்கொண்டிருந்தோம்.)

இன்று உலகிலுள்ள மாபெரும் உல்லாசக் கப்பல்களில் ஒன்றான 'ஐகான் ஆஃப் தி சீஸ்' ஏறத்தாழ 2,48,000 டன் கொள்ளளவு உடையது. நீளம் 365 மீட்டர். நம் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இருபது தளங்கள். பயணிகள் மட்டும் 7,600 பேர் வரை. பணியாளர் 2,350 பேர். பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் 2021-இல் முதல் இரும்புத் தகட்டை வெட்டினார்கள். 2023 நவம்பரில் கப்பலை ஒப்படைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரு மேம்பாலம் கட்டும் நேரம்கூட ஆகவில்லை.

இருபது மாடி உயரமுள்ள ஒன்று தண்ணீரில் எப்படிக் கவிழாமல் நிற்கிறது? பௌதிக ஆசிரியையிடம் கேட்டபோது அவர் விடை சொல்லவில்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் ஒரு பிஸ்கட் டப்பாவை மிதக்கவிடச் சொன்னார். வெறும் டப்பா தள்ளாடிக் கவிழ்ந்தது. அடியில் மணலைப் பரப்பி விட்டோம், நின்றது. மணலைப் பொட்டலமாகக் கட்டி மேல் விளிம்பில் தொங்கவிட்டோம், மறுபடி கவிழ்ந்தது. டப்பாவைப் படுக்கவைத்து அகலமாக மிதக்கவிட்டோம். மேலே கொஞ்சம் பாரம் ஏற்றினாலும் தாங்கியது. பெரிய கப்பலின் சூட்சுமமும் இதுதான். எஞ்சின், எரிபொருள், தண்ணீர்த் தொட்டி போன்ற கனமான எல்லாம் அடியில். நாடக அரங்கும் அறைகளும் மேலே, உள்ளே பெரும்பாலும் காற்று. அகலம் 48 மீட்டருக்கு மேல். நீருக்குள் அது இறங்குவது சுமார் 9 மீட்டர்தான். சாய்ந்தால், சாய்ந்த பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்கிறது, அந்தப் பக்கத்து நீர் அதை மேலே தள்ளுகிறது, கப்பல் நிமிர்கிறது. எத்தனை பாகை சாயலாம், எங்கே எவ்வளவு எடை வைக்கலாம் என்பதை முதல் தகடு வெட்டப்படும் முன்பே கணக்கிட்டு முடித்துவிடுவார்கள்.

கட்டுவதும் நாங்கள் நினைத்தபடி கீழிருந்து மேலாக அன்று. கப்பலைத் துண்டு துண்டாகக் கூடங்களில் செய்கிறார்கள். சில துண்டுகளைத் தலைகீழாகவே பற்றவைக்கிறார்கள், ஏனென்றால் கையை உயர்த்தி வெல்டிங் செய்வதைவிடக் குனிந்து செய்வது எளிது. குழாய்களையும் கம்பிகளையும் உள்ளே பொருத்திவிட்டு, பல நூறு டன் எடையுள்ள அந்தத் துண்டுகளைப் பாரந்தூக்கியால் எடுத்து ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். பயணிகள் தங்கும் அறை, கட்டில், கண்ணாடி, குளியலறையோடு வேறொரு தொழிற்சாலையில் செய்யப்பட்டு, மேசை இழுப்பறையை நுழைப்பதுபோல் கப்பலுக்குள் நுழைக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் விட எங்களை வியக்கவைத்தது, இவற்றைக் கட்டும் ஊர்களின் கதை. ஜெர்மனியில் பாப்பன்பர்க் என்ற சிறு நகர். கடற்கரை ஊர்கூட அன்று. கடலுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உள்ளே, எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே மையர் என்ற குடும்பம் 1795-இல் மரக்கலம் கட்டத் தொடங்கியது. பின்னர் இரும்புக்கு மாறியது, நீராவிக்கு மாறியது, உல்லாசக் கப்பலுக்கு வந்தது. இன்றும் புதுக் கப்பல் முடிந்ததும், ஆற்று நீரை அணை கட்டி உயர்த்தி, இருபுறமும் மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே அந்த மாளிகையைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறது. துர்க்கு நகரில் 1737 முதல் கப்பல் கட்டும் தொழில் இருக்கிறது. 2014-இல் அதே மையர் குடும்பம் அங்குள்ள தளத்தையும் வாங்கியது. தச்சனின் பேரன் கொல்லனானான், கொல்லனின் பேரன் பொறியாளனானான், தொழில் அறவில்லை.

இங்கேதான் எங்கள் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. நம்மிடம் தச்சர் இல்லையா?

நாவன்மைப் போட்டிகளில் நாங்கள் அனைவரும் ராஜேந்திர சோழனைப் பேசியவர்கள். 1025-இல் கடாரம் வென்றான் என்று கையை வீசிச் சொல்லிப் பரிசும் வாங்கியவர்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அவன் ஏறிச் சென்ற கப்பல்களில் ஒன்றுகூட இன்று நம் கண்முன் இல்லை. இல்லாத கப்பலைப் புகழ்ந்துகொண்டு, இருந்த கப்பல்களை மறந்துவிட்டோம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இருந்தவற்றைச் சிறிது சொல்கிறோம்.

நம் சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகமே கிடையாது. வெளிநாட்டுக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். இங்கிலாந்தில் ஆணியடித்துக் கட்டிய படகு நம் அலையில் மோதினால் பிளந்துவிடும். நம் மசூலாப் படகில் ஆணியே இல்லை. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளையும், நெளியும், உடையாது. ஆளுநர்களும் அவர்தம் துரைசானிகளும் நம் படகோட்டிகளின் கையை நம்பித்தான் இந்த மண்ணில் கால் வைத்தார்கள். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881-இல் வந்த புயல் கட்டியதில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. பிறகும் விடாமல் கட்டினார்கள். துறைமுகம் எழுந்தபின் தையற்படகுக்கு வேலை போயிற்று.

கட்டுமரத்தின் கதை வேறு. அந்தச் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு 'கேட்டமரான்' ஆக்கினார்கள். இன்று உலகெங்கும் அந்தப் பெயரில் ஓடுவது இரண்டு உடல்களை இணைத்த படகு. நம்முடையதோ, மரக்கட்டைகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியது. பெயரைத் தந்தது நாம், பொருளை மாற்றிக்கொண்டது அவர்கள். கொச்சி நகரில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோவுக்காகக் கொச்சிக் கப்பல் தளம் கட்டிய மின்சாரப் படகுகளும் இந்த இரட்டை உடல் வகையே. நம் சொல் உலகைச் சுற்றிவிட்டுப் பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது.

பெரிய மரக்கலங்களும் நம்மிடம் இருந்தன. பாய்மரத் தோணிகள் தூத்துக்குடியில் வெகுகாலம் கட்டப்பட்டன. தமிழில் மரக்கலம் கட்டுவோருக்கு ஓடாவி என்று பெயர். கப்பலின் முதுகெலும்பான அடிமரத்துக்கு ஏரா. விலா எலும்புபோல் வரும் சட்டங்களுக்கு வங்கு. பலகை இடுக்குகளில் பஞ்சும் பிசினும் அடைப்பதற்குக் கலப்பற்று. எத்தனை அழகிய சொற்கள்! 'கப்பல் சாஸ்திரம்' என்றே ஒரு பழைய சுவடியை 1950-இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சிட்டிருக்கிறது. எங்களில் எவரும் பாடநூலில் இவற்றில் ஒரு சொல்லைக்கூடப் படித்ததில்லை.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலின் கதையை ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 90 அடி நீளம். அமெரிக்கக் கடலோடி ஒருவர் அதன் அழகில் மயங்கி விலைக்கு வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக, அட்லாண்டிக் மாகடலையும் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் கொண்டு நிறுத்தினார்கள். எவ்விதக் கல்லூரியும் காணாத மேத்திரிமார் கட்டிய கலம் அது.

பம்பாயில் பார்சி இனத்து வாடியா குடும்பத்தார் கட்டிய கப்பல்கள் இதற்கும் முந்தியவை. மலபார்த் தேக்கில் அவர்கள் 1817-இல் கட்டிமுடித்த 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கு வைத்த பெயர் நம் திருக்கோணமலையின் பெயர் என்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அப்படியானால் பாப்பன்பர்க்குக்குக் கிடைத்தது வல்வெட்டித்துறைக்கும் தூத்துக்குடிக்கும் ஏன் கிடைக்கவில்லை? கைத்திறன் குறைந்ததாலன்று. மரத்திலிருந்து இரும்புக்கு மாற வேண்டிய வேளையில் நாடு நம் கையில் இல்லை. இந்தியக் கப்பல்கள் தேம்ஸ் நதியில் வந்து நின்றபோது அங்கிருந்த கப்பல் கட்டுவோர் கூக்குரலிட்டார்கள். இந்திய மாலுமிகளைக் கொண்ட கப்பல்களுக்குத் தடைபோடும் சட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. இரும்பாலையும் கடன் தரும் வங்கியும் இல்லாத ஓடாவி, உளியை வைத்துக்கொண்டு நீராவிக் கப்பலோடு எப்படிப் போட்டியிடுவார்?

இதை நன்றாக உணர்ந்தவர் வ.உ. சிதம்பரனார். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடவிட்டார். அவரைக் கப்பலோட்டிய தமிழர் என்று போற்றுகிறோம். ஆனால் கப்பல் கட்டும் கலையை நம்மவர்க்குக் கற்பிப்பதும் அந்தக் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. அதை ஏனோ மேடைகளில் நாம் சொல்வதில்லை. விலைக்கு வாங்கிய கப்பல் பிறர் கைக்குப் போய்விடும், கற்ற கலை போகாது என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1908-இல் அவரைச் சிறையிலிட்டார்கள், கம்பெனி நொடித்தது. விடுதலைக்குப்பின் அவர் சில காலம் வறுமையோடு குடியிருந்தது இதே மயிலாப்பூரில்தான். நாம் தினமும் நடக்கும் தெருக்களில் அவரும் நடந்திருக்கிறார்.

சிதம்பரனாரின் ஊர்திக் கனவு பின்னர் வேறிடங்களில் பலித்தது. விசாகப்பட்டினத்தில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய தளத்தில் கட்டிய 'ஜல உஷா' 1948 மார்ச்சில் நேருவின் கையால் நீரில் இறங்கியது. கொச்சித் தளத்துக்கு 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அதன் முதல் கப்பலான 'ராணி பத்மினி' 1981-இல் ஒப்படைக்கப்பட்டது. அதே தளம் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம், 2,300 அறைகள், சுமார் 1,700 பேர் வாழும் ஒரு மிதக்கும் நகரம். பெண் அதிகாரிகளுக்கும் அதில் அறைகள் உண்டு. அந்தமானுக்குச் செல்லும் சுமார் 1,200 பேர் கொள்ளும் 'சுவராஜ் த்வீப்' பயணிக் கப்பலும் விசாகப்பட்டினத்தில் பிறந்ததே. ஆனால் நம் பாட்டிமார் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறிப்போன 'எம்.வி. சிதம்பரம்', பெயரில் மட்டும் தமிழ். பிறந்தது பிரான்சின் டன்கர்க் நகரில், 1966-இல். 1984-இல் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். மறு ஆண்டு அது உடைக்கப்பட்டது. அதன்பின் அந்த வழித்தடத்துக்கு நாம் வேறு கப்பல் கட்டவுமில்லை.

இவ்வளவும் படித்தபின் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விக்ராந்தைக் கட்டியவர்களுக்கு உல்லாசக் கப்பல் எம்மாத்திரம், நாளைக்கே கட்டலாம் என்றது ஒரு கட்சி. ஏழை நாட்டுக்கு மிதக்கும் மாளிகை எதற்கு, பணக்காரர் தின்று தூங்கக் கப்பலா என்றது மற்றொரு கட்சி. இரண்டு நாள் மதிய உணவு ஆறிப்போகும் அளவுக்கு வாதம் நடந்தது. எழுத உட்கார்ந்தபோது நாங்கள் இரண்டையும் ஒப்பவில்லை.

முதல் கட்சிக்கு விடையாக ஜப்பானைக் காட்டுகிறோம். மிட்சுபிஷி என்பது சாதாரண நிறுவனமன்று. கொச்சித் தளத்துக்கே தொழில்நுட்பம் தந்த நிறுவனம். ராட்சத எண்ணெய்க் கப்பல்களை எளிதாகக் கட்டியவர்கள். அவர்கள் நாகசாகித் தளத்தில் ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்காக இரண்டு உல்லாசக் கப்பல்கள் கட்ட ஒப்புக்கொண்டார்கள். வரைபடம் திரும்பத் திரும்ப மாறியது. அறை உள்வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கட்டும்போதே தீ விபத்துகள். முதல் கப்பல் ஓராண்டு தாமதமாக 2016-இல் முடிந்தது. நட்டம் 20,000 கோடி யென்னுக்கும் மேல். இனிப் பெரிய உல்லாசக் கப்பல் கட்டுவதில்லை என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. உல்லாசக் கப்பலின் மதிப்பில் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது: தச்சு வேலை, கண்ணாடி, குழாய், மின்சாரம், சமையற்கூடம், ஆயிரக்கணக்கான அறைகள், தீ பரவாமல் தடுக்கும் சுவர்கள். இவற்றைச் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் தளத்தைச் சுற்றி இருந்தால்தான் கப்பல் எழும். சீனா 2023 நவம்பரில் தன் முதல் பெரிய உல்லாசக் கப்பலைக் கட்டிமுடித்தபோதுகூட இத்தாலியரிடம் பாடம் கேட்டுத்தான் முடித்தது. ஏன், அந்தப் பாப்பன்பர்க் தளமே கடனில் மூழ்கி, 2024-இல் ஜெர்மனி அரசு பங்குகளை வாங்கித்தான் காப்பாற்றியது. விக்ராந்த் ஏரா நாட்டிய 2009-லிருந்து படையில் சேரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. துர்க்குவில் இரண்டரை ஆண்டுகள். இந்த இடைவெளியை வீர வசனத்தால் நிரப்ப முடியாது.

இரண்டாம் கட்சிக்கு எங்கள் விடை சற்றுக் காரமானது. நாம் கட்டாவிட்டாலும் அந்தக் கப்பல்கள் நம்மிடம் வந்தேதான் சேருகின்றன, சாவதற்கு! குஜராத்தின் அலாங் கடற்கரையைப் பாருங்கள். ஒரு காலத்தில் உலகின் மிக நீளமான பயணிக் கப்பலாக இருந்த 'பிரான்ஸ்', சேன் நசேரில் பிறந்தது. அலாங்கில் 2006-இல் கரையேற்றப்பட்டுத் துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. கட்டும்போது பிரெஞ்சுப் பொறியாளருக்குக் கூலி. உடைக்கும்போது ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நம் தொழிலாளிக்கு நஞ்சும் புகையும். கப்பலின் பிறப்பில் பங்கில்லாமல் இறப்பில் மட்டும் பங்கேற்பதுதான் ஏழை நாட்டுக்கு அழகா?

ஆகவே எங்கள் கருத்து இது: மாபெரும் உல்லாசக் கப்பலைப் பெருமைக்காகக் கட்டப் புறப்பட வேண்டாம். பயணிக் கப்பல் கட்டும் பழக்கத்தை விடாமல் வளர்க்க வேண்டும். அந்தமானுக்கு, இலட்சத்தீவுக்கு, இலங்கைக்கு, நம் ஆறுகளுக்கு வேண்டிய கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக இங்கேயே கட்டினால், பட்டறைகள் தாமாகச் சூழும். இன்று உலகக் கப்பல் கட்டும் தொழிலில் இந்தியாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை; சீனா, கொரியா, ஜப்பான் மூன்றுமே ஏறக்குறைய முழுவதையும் எடுத்துக்கொண்டன. 2025 செப்டம்பரில் மத்திய அரசு இத்தொழிலுக்காக 69,725 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. தூத்துக்குடியில் பெரிய தளங்கள் அமைக்கும் ஒப்பந்தங்களும் அதே மாதம் கையெழுத்தாயின. நல்லதுதான். ஆனால் அந்தத் தளத்தில் ஓடாவியின் பேரனும் பேத்தியும் வாயிற்காவலராக நிற்பார்களா, வரைபடம் தீட்டுவார்களா? எங்கள் கவலை அதுதான்.

'பேத்தி' என்று வேண்டுமென்றே எழுதினோம். அடையாற்றுப் பக்கம் போனால் ஐ.ஐ.டி. வளாகம். நம் பள்ளியிலிருந்து பேருந்தில் அரைமணி. அங்கே கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. கப்பல் வடிவமைப்பு கற்பிக்கிறார்கள். செயற்கையாக அலையெழுப்பும் தொட்டிகளில் சிறு மாதிரிக் கப்பல்களை மிதக்கவிட்டுச் சோதிக்கிறார்கள். எங்கள் பிஸ்கட் டப்பாவின் பெரிய அக்காள்கள்! 2008-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் சென்னைதான்; அதன் விசாகப்பட்டின வளாகத்தில் இதே படிப்பு உண்டு. கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இத்தனை அருகில் இருந்தும், மேற்படிப்பைப் பற்றி அறிவுரை கூற ஒரு முறை எங்களிடம் வந்த பெரியவரிடம் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் ஆண்பிள்ளைகள் படிப்பம்மா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறதே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எங்களுக்கு வலித்தது. சோனாலி பானர்ஜி 2001-இலேயே கப்பல் எஞ்சின் அறைக்குள் பொறியாளராக நுழைந்துவிட்டார். நம் சென்னையில் வளர்ந்த ரேஷ்மா நிலோஃபர் 2018-இல் ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் ஆனார். நாட்டிலேயே அப்பணிக்கு வந்த முதல் பெண். ஓட்டவும் இயக்கவும் பெண் வந்தாயிற்று. கட்டுவதற்கு மட்டும் என்ன தடை?

தடை சில வேளை வீட்டிலும் இருக்கிறது. நொச்சிக்குப்பத்துத் தோழி சொன்னாள்: அவள் சிறு பெண்ணாக இருந்தபோது கரையில் நிறுத்திய படகில் ஏறி விளையாடியதற்குப் பாட்டியிடம் அடி வாங்கினாளாம். பொம்பளைப் பிள்ளை மரத்தில் கால் வைத்தால் மீன் படாது என்பது பாட்டியின் நம்பிக்கை. மீன் விற்கும் கூடை மட்டும் பெண்ணின் தலையில்; அதற்குத் தோஷமில்லை!

போன டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். கரை முழுவதும் இப்போது ஃபைபர் படகுகள்தாம். அவள் தாத்தாவின் பழைய கட்டுமரத்தின் இரண்டு கட்டைகள் வாசலில் கிடந்தன, உட்காருவதற்குப் பயன்படுகின்றன. எந்தக் கட்டை நடுவில் வரவேண்டும் என்று எப்படித் தெரியும் என்று தாத்தாவைக் கேட்டோம். முதலில், இதெல்லாம் எதற்கு உங்களுக்கு என்பதுபோல் பார்த்தார். பிறகு மணலில் விரலால் கோடு போட்டார்.

"நடுமரம் நீளமா, நேரா இருக்கணும். ஓரத்து மரம் ரெண்டும் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டணும். அப்பத்தான் அலை சாய்ச்சாலும் அது நிமித்திவிடும். கரைக்கு வந்தா அவிழ்த்துக் காயப்போடணும். ஈரம் குடிச்ச மரம் பாரம், பேச்சுக் கேக்காது."

டப்பாவை வைத்து நாங்கள் இரண்டு நாள் கண்டுபிடித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தோழி அதைத் தன் பௌதிக நோட்டில் அப்படியே வரைந்துகொண்டாள். பக்கத்தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு மூன்றும் போட்டாள். ஆசிரியை பார்த்துவிட்டு, சிவப்பு மையில் சரி என்று குறியிட்டு, "அளவு எங்கே?" என்று கீழே எழுதியிருந்தார். மறுபடியும் போய், தையற்காரரிடம் இரவல் வாங்கிய நாடாவால் அந்த இரண்டு கட்டைகளையும் அளந்தோம். பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற வாரம் மேற்படிப்பு விருப்பத் தாள் கொடுத்தார்கள். முதல் வரியில் அவள் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் என்று எழுதியிருக்கிறாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவார் என்கிறாள்.